தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

திண்டுக்கல்லில் 22 வருஷமாக வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். வளைகாப்பு முடிந்து தாய் வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெண், காந்தப்புலம் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி போன் செய்தது. போனதும் தன் மொபைலை நீட்டியது. "அண்ணே, இந்த ரூம்ல படுக்கவே பயமா இருக்கு. 43 காட்டுது பாருங்க."

ஏதோ ஒரு காந்தப்புல ஆப். அந்தப் பெண்ணைக் கொல்லைப்புறத் தென்னை மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். அங்கே வயரும் இல்லை, ஸ்விட்சும் இல்லை. அங்கேயும் 40-க்கு மேல்தான் காட்டியது. நம் ஊர்ப் பக்கம் பூமியின் சொந்தக் காந்தப்புலமே ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. அது அசையாமல் நிற்கும் புலம், நாம் பிறந்ததிலிருந்து அதற்குள்தான் இருக்கிறோம். மொபைல் ஆப் காட்டுவது பெரும்பாலும் அதைத்தான். கரண்டால் வருவது நொடிக்கு 50 முறை ஆடும் புலம். அதை அளக்கத் தனி மீட்டர் வேண்டும், மூன்று திசையையும் சேர்த்து அளக்கிற மாதிரி. ஆப்பைப் பார்த்து யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, என் மீட்டரைத் தலையணை மேல் வைத்தேன். 42 மில்லிகாஸ், அதாவது 4.2 மைக்ரோடெஸ்லா. சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால், கட்டில் தலைமாட்டுக்கு நேர் பின்னால் இன்வெர்ட்டர். அன்று மாதாந்திர ஷட்டவுன் முடிந்து அப்போதுதான் கரண்டு வந்திருந்தது. பேட்டரி காலியாகி, முழு வேகத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

இந்த எண்ணை எப்படிப் புரிந்துகொள்வது? பொதுமக்களுக்கான சர்வதேச வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. அதற்கு இது எவ்வளவோ கீழே. ஆனால் சராசரியாக 0.3, 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் புலம் இருந்த வீடுகளில் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டதாகச் சில ஆய்வுத் தொகுப்புகள் சொல்கின்றன. அதை வைத்துத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இதை '2பி' பட்டியலில் சேர்த்தது. புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம் என்பதுதான் அதற்குப் பொருள். காந்தப்புலம்தான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. அதனால் பயப்பட வேண்டாம் என்பேன். ஆனால் கட்டிலைத் தள்ளிப் போடக் காசு ஆகாதே, தள்ளிப் போட்டுவிடுங்கள் என்றும் சொல்வேன்.

செங்கல் சுவர் இந்தப் புலத்தைத் தடுக்காது. அலுமினியத் தாள் ஒட்டினாலும் 50 சுற்று காந்தப்புலம் சாதாரணமாக ஊடுருவிப் போகும். தூரம் ஒன்றுதான் மருந்து. இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர், ஈபி மீட்டர் பெட்டி இவை தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் இருந்தால் கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றுங்கள். ஓர் ஆள் உயரம் தள்ளினாலே பெரும்பாலும் போதும். டேபிள் ஃபேனைத் தலைமாட்டில் வைக்காமல் கால்மாட்டில் வையுங்கள். சீலிங் ஃபேனால் கவலை இல்லை.

அந்த வீட்டிலும் கட்டிலை எதிர்ச் சுவருக்குத் தள்ளினோம். ஒரு மில்லிகாஸுக்குக் கீழே இறங்கும் என்று நினைத்தேன். 6-க்குக் கீழே இறங்கவே இல்லை. இன்வெர்ட்டரை அணைத்தும் பார்த்தேன், அதே 6. அப்போதுதான் எனக்கு வயரிங் மேல் சந்தேகம் வந்தது.

போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் ஒரே பைப்பில் ஒட்டி ஓடினால், ஒன்றின் புலத்தை மற்றது அழித்துவிடும். இரண்டும் வேறு வேறு வழியில் போனால் நடுவில் இருக்கிற அறை முழுக்கப் புலம் நிற்கும். இதைக் கண்டுபிடிக்க, வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் போதும். மெயினில் கரண்டு போகிற பேஸ், திரும்புகிற நியூட்ரல் இரண்டு வயரையும் சேர்த்து ஒரே கவ்வலில் பிடிக்க வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் பூஜ்யம் காட்டும். இங்கே மாடி சர்வீஸில் 3.6 ஆம்பியர் காட்டியது. வாடகைக்கு விட மாடி கட்டியபோது, வயரை மிச்சம் பிடிக்கக் கீழ்வீட்டுப் பெட்டியிலிருந்து நியூட்ரலை இழுத்துவிட்டார்கள். மாடி பேஸில் போன கரண்டு, இந்தப் படுக்கையறைச் சுவரோரமாகத் தனி வயரில் இறங்கிக் கீழ்வீட்டு நியூட்ரலில் திரும்பிக்கொண்டிருந்தது.

இது காந்தப்புலத்தோடு நிற்கிற விஷயம் இல்லை. மெயினை ஆஃப் செய்துவிட்டு நியூட்ரலைக் கழற்றுகிறவனுக்கு ஷாக் அடிக்கும். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இல்லாவிட்டால் தானாக அணைக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி ஸ்விட்ச் இருந்திருந்தால் முதல் நாளே ட்ரிப் ஆகிக் காட்டிக்கொடுத்திருக்கும். அந்த வீட்டில் அது இல்லை. மாடிக்குத் தனி நியூட்ரல் இழுத்து, ஆர்சிசிபியும் போட அரை நாள் ஆனது. அப்புறம் தலையணையில் 0.4 மில்லிகாஸ். மெயின் பெட்டியை நீங்களாகத் திறக்காதீர்கள். வயர்மேனிடம் "ரெண்டு வயரையும் சேர்த்துக் கவ்விப் பாருங்க" என்று மட்டும் கேளுங்கள். கூடவே எர்த்தையும் பார்க்கச் சொல்லுங்கள். ஃபிரிட்ஜைத் தொட்டால் சுரீர் என்கிற வீட்டில் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

சமையலறையில் நான் பார்ப்பது இண்டக்ஷன் அடுப்பு. மேடை விளிம்பில் அதை வைத்துவிட்டு வயிறு ஒட்ட நின்று சமைப்பார்கள். அடுப்பைச் சுவர்ப் பக்கம் நகர்த்தி, ஒரு முழம் தள்ளி நில்லுங்கள். வட்டத்தை மூடுகிற அளவு, தட்டையான அடிப்பாத்திரம் வையுங்கள். பெரிய வட்டத்தின் ஓரத்தில் சின்னப் பால் சட்டியை வைத்தால்தான் புலம் அதிகம் வெளியே கசியும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இரண்டடி தள்ளியே இருக்க வேண்டும். மொபைலையும் சட்டைப் பையில் வைக்காமல் நெஞ்சிலிருந்து 15 சென்டிமீட்டராவது விலக்கி வைக்க வேண்டும். மிக்சி ஓடுவது சில நிமிஷம், அதை விடுங்கள். மைக்ரோவேவ் ஓவன் கதவு வளைந்திருந்தாலோ சரியாக மூடாவிட்டாலோ பயன்படுத்தாதீர்கள்.

மொபைல் கதை வேறு. அது ரேடியோ அலை, அதையும் 2011-இல் அதே '2பி' பட்டியலில் சேர்த்தார்கள். எல்லாரும் டவரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். டவர்களுக்கான அனுமதியை நம் நாட்டில் 2012 செப்டம்பரில் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தார்கள். தலைக்கு உண்மையில் அதிகம் வருவது காதோடு ஒட்டிய போனிலிருந்து. அதிலும் சிக்னல் ஒரு கோடு இருக்கும்போது போன் தன் சக்தியை ஏற்றிக்கொள்ளும். ஆகவே பீரோ மூலையில் நின்று பேசாமல் ஜன்னல் பக்கம் வந்து, ஸ்பீக்கரிலோ இயர்போனிலோ பேசுங்கள். *#07# அடித்தால் உங்கள் போனின் எஸ்ஏஆர், அதாவது உடம்பு உறிஞ்சும் ரேடியோ சக்தியின் அளவு வரும். இங்கே வரம்பு கிலோவுக்கு 1.6 வாட். அலாரத்துக்காகப் பக்கத்தில் வைத்தால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சார்ஜ் ஏறும் போனைத் தலையணைக்கு அடியில் வைக்கவே வேண்டாம், அது தீப்பிடிக்கிற ஆபத்து.

வைஃபை பெட்டியைப் படுக்கையறையில் வைக்காமல் ஹாலில் வைத்தால் போதும். ராத்திரி அணைத்தால் மனசுக்கு நிம்மதி என்றால் அணையுங்கள்.

ரேடியேஷன் தடுக்கும் ஸ்டிக்கர், டாலர் எதையும் வாங்காதீர்கள். ஆன்டெனாவை மறைத்தால் போன் இன்னும் வேகமாகத்தான் உழைக்கும். 2021 டிசம்பரில் நெதர்லாந்து அரசின் அணுப் பாதுகாப்பு அமைப்பு, 5ஜியிலிருந்து காக்கும் என்று விற்ற சில டாலர்களிலேயே கதிரியக்கம் இருப்பதைக் கண்டு, அணிந்தவர்களைக் கழற்றி வைக்கச் சொன்னது.

பெண் குழந்தை பிறந்த பதினேழாம் நாள் அந்தப் பெண்ணின் அம்மா மறுபடி கூப்பிட்டார்கள். "தம்பி, தொட்டில் கொக்கி எங்க மாட்டலாம்னு மீட்டர வச்சுப் பார்த்துச் சொல்லுங்க." ஸ்விட்ச் போர்டு இல்லாத கிழக்குச் சுவர்ப் பக்கம், உத்தரத்துக்கு அடியில் 0.3 மில்லிகாஸ் காட்டியது. அங்கேயே துளை போட்டுக் கொக்கியை முடுக்கிவிட்டு வந்தேன்.