பெண் பாத்திரம் எழுதும் தம்பிகளுக்கு ஒரு ஸ்திரீபார்ட் சொல்வது

ஸ்கிரிப்ட்டில் முதல் நாலு பக்கம் படித்தால் போதும், எழுதியவர் வீட்டு லட்சணம் எனக்குத் தெரிந்துவிடும். அம்மா எப்போதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தால், பையன் சின்ன வயதிலேயே ஹாஸ்டலுக்குப் போனவன்; பஸ் ஏற்றிவிட வந்த அம்மாதான் அவன் மனதில் நிற்கிறாள். மனைவிக்கு "எப்ப வருவீங்க?" என்பதைத் தவிர வசனமே இல்லையா? எழுதியவர் வீடு தங்காத ஆள். தங்கச்சி காபி கொடுக்க மட்டும் வந்து போனால், அதைப் பற்றி நான் என்ன சொல்ல?

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத் திருவிழா மேடைகளில் ஸ்திரீபார்ட்டாக, அதாவது நாடகத்தின் நாயகி வேஷக்காரியாக, வள்ளியாகவும் பவளக்கொடியாகவும் நின்றவள் நான். இப்போது மதுரைக் கல்லூரிப் பிள்ளைகள் அம்மா வேஷத்துக்குக் கூப்பிடுகிறார்கள். அவர்களிடம் வாய் வலிக்கச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுத உட்காரும்போது அம்மாவில் ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்குத் தெரிந்தது உங்கள் பக்கம் திரும்பி நிற்கிற அம்மா மட்டும்தான். அத்தை, சித்தி, அண்ணி என்று யாரையாவது எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் அவர் கை என்ன செய்கிறது, வீட்டுக் காசு யாரிடம் இருக்கிறது, யார் வந்தால் அவர் குரல் மாறுகிறது, இதையெல்லாம் ஒரு நோட்டில் குறியுங்கள். குணத்தை எழுத வேண்டாம். 'பொறுமைசாலி' என்று எழுதிக் கொடுத்தால் நான் எதை நடிப்பது? 'கொழுந்தன் செருப்புச் சத்தம் கேட்டதும் டிவி சத்தத்தைக் குறைப்பார்' என்று எழுதுங்கள், நடித்துவிடுவேன்.

அப்புறம் உங்கள் அக்கா தங்கச்சியைக் கேளுங்கள். வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள். மகன் வளர்ந்த வீடு வேறு, மகள் வளர்ந்த வீடு வேறு, கதவு ஒன்றாக இருந்தாலும். ஒரு தம்பி தன் அம்மாவைத் தெய்வமாகவே எழுதி வந்திருந்தான். ஒத்திகை பார்க்க வந்த அவன் அக்கா கடைசி வரை கேட்டுவிட்டு, "எனக்குப் பாதி முட்டை, உனக்கு முழு முட்டை. அதையும் எழுதுடா" என்றது. அவனுக்கு அது ஞாபகமே இல்லை. முழு முட்டை தின்றவனுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? அந்த முட்டை உள்ளே வந்த பிறகுதான் அந்த அம்மா மனுஷியானாள், நடிக்கவும் ருசியாக இருந்தது.

வேலையை மேடைக்குக் கொண்டுவாருங்கள். ஜெய்ஹிந்துபுரத்துப் பையன் ஒருவன், மகள் கல்யாணத்துக்குச் சம்மதிக்காத அம்மாவை நடுமேடையில் நிற்கவைத்து முழ நீள வசனம் எழுதியிருந்தான். "உங்க அம்மா என்ன வேலைப்பா?" என்றேன். அப்பளம் தேய்க்கிறார்களாம். உளுந்து மாவில் உப்பும் அப்பளக்காரமும் போட்டுப் பிசைந்து, இடித்து, துண்டு போட்டுத் தேய்க்கிற வேலை. மாவு காய்வதற்குள் முடிக்க வேண்டும், அதனால் சண்டையே வந்தாலும் தலை நிமிராது. காட்சியை அப்படியே மாற்றினோம். அம்மா குனிந்தபடி தேய்க்கிறாள், மகள் வாசலில் நின்று கத்துகிறாள். பாதியில் வானம் இருட்டுகிறது. இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு, வெளியே துணியில் காயும் அப்பளத்தை ஓடி ஓடி அள்ளுகிறார்கள். அள்ளி முடித்ததும் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. வசனத்தில் பாதிக்கு மேல் வெட்டிவிட்டோம், பையனுக்கு வருத்தம்தான்.

சரி, உள்ளதை உள்ளபடி எழுதிவிடலாமா என்றால், வேண்டாம். அமெரிக்க நாடகாசிரியர் டென்னசி வில்லியம்ஸைப் பாருங்கள். அப்பா செருப்புக் கம்பெனி விற்பனையாளர், ஊர் ஊராகச் சுற்றியவர். வீட்டில் அம்மா எட்வினாவும் அக்கா ரோஸும். மனநோய் என்று சொல்லி 1943-இல் ரோஸுக்கு மூளையில் அறுவை செய்தார்கள். அதன் பிறகு அந்தப் பெண் பழையபடி ஆகவே இல்லை. 1944 கடைசியில் சிகாகோவில் மேடையேறிய 'தி கிளாஸ் மெனாஜரி'யில் ஆஸ்பத்திரியும் இல்லை, அறுவையும் இல்லை. கால் சற்றே விந்தும் லாரா, அவளுடைய கண்ணாடிப் பொம்மைகள், ஓயாமல் பேசும் அம்மா, சுவரில் போட்டோவாக மட்டும் அப்பா. ரோஸுக்குக் கால் ஊனம் கிடையாது. வலியை வைத்துக்கொண்டு அது இருக்கும் இடத்தை மாற்றியிருக்கிறார். நீங்களும் தொழிலை மாற்றுங்கள், தெருவை மாற்றுங்கள். செல்லூரில் நடந்ததைச் செல்லூர் என்றே எழுதினால் மறுநாள் வீட்டு வாசலில் ஆள் நிற்கும்.

இன்னொரு அமெரிக்க நாடகாசிரியர் யூஜின் ஓ'நீல் இன்னும் பயந்தவர். தன்னைப் பெற்ற சமயத்தில் அம்மா மார்ஃபின் பழக்கத்துக்கு ஆளானதை வைத்து 1941-இல் ஒரு நாடகம் எழுதி முடித்தார். தான் செத்து 25 வருஷம் ஆகும்வரை அச்சிடக் கூடாது என்றார். 1953-இல் அவர் இறந்தார். 1956-இலேயே மனைவி வெளியிட்டுவிட்டார். பீரோவில் பூட்டி வைக்கும் நாடகம் ஒன்று உங்களிடம் இருந்தாலும் தப்பில்லை.

நம் தமிழ் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளோ துறவுக் கோலம் பூண்டவர். 1918-இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற நாடகக் குழுவில் பெண் வேஷமும் பையன்களுக்குத்தான். ஆனாலும் அவர் நாடகத்து வள்ளி வாயடைத்து நிற்பவள் இல்லை. நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி வரவழைத்துப் போடும் எங்கள் ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. நாயகன் வேஷம் கட்டும் ராஜபார்ட் ஓர் ஊர், நான் ஓர் ஊர், மேக்கப் போடும்போதுதான் முகம் பார்ப்போம். மேடையிலேயே வாதம் செய்யும் தர்க்கத்தில் அவரவர் சரக்குதான் கைகொடுக்கும். நாரதர் முருகன் பெருமையை அளக்கும்போது, "மாப்பிள்ளை பெருமையைத் தரகர் பேசக் கூடாது சாமி, அவர் வீட்டு வாசப்படி பேசணும்" என்பேன். அது என் அப்பத்தா பேச்சு. தினைப்புனத்துக்கு அப்பத்தாவை வரவழைக்க முடியுமென்றால், நீங்கள் எழுதும் ஐ.டி. கம்பெனிப் பெண்ணுக்குள்ளும் உங்கள் அப்பத்தா வரலாம்.

எழுதி முடித்ததும் வீட்டுப் பெண்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கருத்துக் கேட்காதீர்கள், "நல்லாருக்குய்யா" என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் "அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போகிறார்கள் என்று பாருங்கள். ஒன்று அந்தப் பக்கம் சலிப்பாக இருக்கிறது, இல்லை சுருக்கென்று குத்தியிருக்கிறது. எது என்று அக்காவிடம் தனியாகக் கேளுங்கள்.

கடைசியாக, அடைப்புக்குறிக்குள் 'கண்ணீர் மல்க' என்று எழுதுவதை நிறுத்துங்கள். எங்கே அழ வேண்டும் என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வசனத்தை மட்டும் ஒத்திகைக்கு ரெண்டு நாள் முன்னாடியே கொடுத்துவிடுங்கள், எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக அடித்து.