மண்ணின் பதம் பார்க்காமல் பாத்தியில் இறங்காதீர்கள்

பலர் கூடி ஒரே நிலத்தில் உழைத்து, பருவத்துக்கேற்ற காய்கறிகளை விளைவித்துப் பகிர்ந்துகொள்ளும் கூட்டுப் பண்ணைகள் பெருகுவது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை ஆர்வமுள்ளவர்களை அழைத்து, வெட்டவெளியில் கைப்பட வேலை கற்றுத்தரும் பயிற்சிகளையும் நடத்துகின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பிழைகளைப் பார்க்கும்போது எங்கள் தொடக்க ஆண்டுகள்தாம் கண்முன் வருகின்றன. அதே ஆசை, அதே அவசரம், அதே இழப்பு.

தொப்பி, குடிநீர், முதலுதவிப் பெட்டி ஆகியவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை இல்லாமல் ஒரு நாள் திண்டாடியவர்கள் அடுத்த முறை தாமே கொண்டுவந்துவிடுவார்கள். திருத்துவதற்கு ஒரு பருவமோ பல ஆண்டுகளோ பிடிக்கும் தவறுகளைத்தான் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

எல்லா விதையையும் ஒரே நாளில் விதைப்பது

வந்தவர் எல்லாருடைய கையிலும் விதை இருக்க வேண்டும் என்ற ஆசையில், முதல் பயிற்சி நாளிலேயே இருக்கிற பாத்திகள் அத்தனையையும் விதைத்து முடித்துவிடுகிறார்கள். நான்கைந்து வாரத்தில் முள்ளங்கி முழுவதும் ஒருசேரப் பறிப்புக்கு வரும். அந்த வாரம் வாங்கிக்கொள்ள ஆள் போதாது. அடுத்த இரண்டு வாரத்தில் கிழங்கு சக்கையாகி, பூத்தண்டு எழுந்துவிடும். அதன்பின் பகிர்வதற்கு ஒன்றும் இருக்காது.

முள்ளங்கி, கீரை போன்ற குறுகிய காலப் பயிர்களை 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை, பீன்ஸை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைப்பது பொதுவான முறை. நாள்கணக்கைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. முந்தைய விதைப்பில் விதையிலைகளுக்கு அடுத்த முதல் இலை விரிந்ததும் அடுத்த பகுதியை விதையுங்கள். குளிர்ந்த நாள்களில் முளைப்பு தாமதமாகும். இடைவெளியும் அதற்கேற்பத் தானே நீண்டுகொள்ளும். பயிற்சிக்கும் இதுவே நல்லது. முளை, இளஞ்செடி, பறிப்புக்கு வந்த செடி என ஒரே பயிரின் மூன்று நிலைகளை ஒரே நாளில் காட்ட முடியும். அதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

ஈரமண்ணில் கூட்டத்தை இறக்குவது

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் இது நின்றபாடில்லை. முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடிய தவறு என்பதால்தான் இன்றும் இதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

புதிய குழு ஒன்று தன் முதல் நடவுப் பயிற்சிக்கு என்னை அழைத்திருந்தது. நாள் குறித்து அறிவித்து வாரக்கணக்காகியிருந்தது. முதல் நாள் இரவு நல்ல மழை. காலையில் வெயில் வந்தது, தேங்கிய நீர் வடிந்திருந்தது, மேல்மண் பார்வைக்கு உலர்ந்ததுபோல் வெளுத்திருந்தது. நான் ஓரிடத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்குக் கீழே மண் பிசைந்த மாவாக இருந்தது. இன்று நாற்றங்கால் வேலையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றேன். “இவ்வளவு பேர் வந்துவிட்டார்கள், எப்படித் திருப்பி அனுப்புவது?” என்று கேட்டார்கள். திருப்பி அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பாத்தியில் இறக்க வேண்டாம் என்றுதான் கேட்டேன். அரை நாள் முழுவதும் பாத்திகளுக்குள் நடந்து, கொத்தி, நட்டு, மகிழ்ச்சியாகப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பருவம் முழுவதும் அந்தப் பாத்திகளில் தண்ணீர் பாய்ச்சினால் மேலேயே நின்றது. நாற்றுகள் மஞ்சளித்து, இருந்த உயரத்திலேயே நின்றன. சத்துக் குறைவு என்று நினைத்து உரத்தை அள்ளிப் போட்டார்கள், பயனில்லை. அன்றைக்கு ஆள் போதாமல் விட்டுவைத்த ஓரப் பாத்தி மட்டும் பின்னர் நடப்பட்டுச் செழித்து வளர்ந்தது. அடுத்த பருவத்தில் போட்ட கேரட் கட்டைக் கட்டையாகவும் கவைகளாகவும் வந்தது.

ஏன் இப்படி ஆகிறது? நல்ல மேல்மண்ணின் கன அளவில் ஏறக்குறைய பாதிதான் திடப்பொருள். மீதிப் பாதி துளைவெளி. நீரும் காற்றும் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சிறிய துளைகள் நீரைப் பிடித்துவைக்கின்றன. பெரிய துளைகள் மிகுந்த நீரை வடித்துவிட்டுக் காற்றை உள்ளே விடுகின்றன. மண் உலர்ந்திருந்தால் துகள்கள் ஒன்றையொன்று பற்றி நின்று எடையைத் தாங்கும். ஈரம் புகுந்தால் உராய்வு குறைகிறது. மேலே எடை விழுந்ததும் துகள்கள் வழுக்கி நெருங்குகின்றன. முதலில் நசுங்குபவை பெரிய துளைகள். வேர் மூச்சுவிடுவது அவற்றின் வழியாகத்தான். காற்று இல்லாத மண்ணில் சில நுண்ணுயிர்கள் செடிக்கு வேண்டிய தழைச்சத்தான நைட்ரேட்டைச் சிதைத்து வாயுவாக வெளியேற்றிவிடுகின்றன. இலை மஞ்சளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வேரை மண் எதிர்க்கும் அழுத்தம் ஏறக்குறைய 2 மெகாபாஸ்கலை (அழுத்தத்தின் அலகு) தொட்டால் பெரும்பாலான பயிர்களின் வேர் அதற்குமேல் துளைத்துச் செல்வது கிட்டத்தட்ட நின்றுவிடும்.

டிராக்டர் ஓடினால்தானே மண் இறுகும், மனிதக் காலடி என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய அரைக் கிலோ எடை விழுகிறது. நடக்கையில் குதிகால் பதியும் கணத்தில் அது இன்னும் கூடும். டிராக்டரின் எடை அதிக ஆழத்துக்குப் போகும் என்பது உண்மை. ஆனால் காலடி இறுக்குவது நாற்று முதன்முதலில் வேர்விட வேண்டிய மேல் அடுக்கை. அதோடு, இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் மிதிப்பிலேயே நேர்ந்துவிடுகிறது. எனவே “எல்லாரும் ஒரே இடத்தில் நிற்காமல் பரவி நில்லுங்கள்” என்று சொல்வது பாதிப்பை நிலம் முழுவதற்கும் பங்கிடுவதாகும். மிதித்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஒரே தடத்தில் மிதியுங்கள்.

பதம் பார்ப்பது கடினமல்ல. மேற்பரப்பை நம்பாமல், பத்து சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் உருண்டை பொலபொலவென உதிர வேண்டும். உதிராமல் குழிந்தால் வேலை வேண்டாம். களிமண் நிலமாக இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். சிறிது மண்ணை உள்ளங்கைகளுக்கிடையே திரியாக உருட்டுங்கள். மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு உடையாமல் உருண்டால் அந்த மண் இன்னும் குழையும் நிலையில் இருக்கிறது. மணற்பாங்கான நிலம் மழைக்குப் பின் ஒரு நாளில் வடிந்துவிடலாம். களிமண்ணுக்கு இரண்டு மூன்று நாள் ஆகும். வடிந்து முடிந்த பிறகும்கூட, கூட்டமாக மிதித்தால் எளிதில் இறுகிவிடும் ஈரம் அதில் இருக்கும். இன்னும் ஓரிரு நாள் காத்திருங்கள்.

இறுகிய பிறகு செய்யும் வைத்தியங்கள் பெரும்பாலும் நிலைமையை மோசமாக்குகின்றன. ஈரத்தோடு சுழற்கலப்பையை ஓட்டினால் மேலே மண் பொடிந்ததுபோல் தோன்றும். கத்தி தொடும் ஆழத்தில் மண் தேய்ந்து, வழவழப்பான கெட்டித் தளமாகிவிடும். களிமண்ணில் இரண்டு மூட்டை மணலைக் கலப்பதும் வீண். மண்ணின் தன்மை மாற வேண்டுமானால் மணலின் அளவு மிகமிக அதிகமாக இருக்க வேண்டும். அரைகுறையாகக் கலந்தால் இறுக்கம் கூடத்தான் செய்யும். சரியான பதம் வரும்வரை பொறுத்து, மண்ணைப் புரட்டாமல் முட்கரண்டிக் கருவியால் நெம்பித் தளர்த்தி, மக்கிய உரம் இட்டு, மூடாக்குப் போட்டு, ஆழமாக வேர்விடும் பயிர் ஒன்றை வளர்த்து, மண்புழுக்களை அவற்றின் வேலையைச் செய்யவிட வேண்டும். அதற்குள் யாரும் மிதிக்கவும் கூடாது. இப்படி மீட்க ஆண்டுக்கணக்கில் ஆகும். கெடுக்க அரை நாள் போதுமாயிருந்தது.

ஆகவே நிலையான பாத்தி, நிலையான நடைபாதை என்று முதலிலேயே பிரித்துவிடுங்கள். இரு பக்கமும் எட்டி வேலை செய்யப் பாத்தியின் அகலம் 120 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். சிறுவர்கள் வேலை செய்யும் பாத்திக்கு 75 முதல் 90 போதும். கை எட்டாவிட்டால் அவர்கள் கட்டாயம் உள்ளே காலை வைப்பார்கள், அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை. பயிற்சி நடக்கும் நிலத்தில் நடைபாதையை 60 சென்டிமீட்டருக்குக் குறைக்காதீர்கள். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கால் பாத்திக்குள்தான் இறங்கும். நடுவில் நிற்க வேண்டிய வேலை வந்தால் அகலமான பலகையைப் போட்டு அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள்.

அறிவிப்பில் தேதியை மட்டும் உறுதி செய்யுங்கள், வேலையை உறுதி செய்யாதீர்கள். ஈர நாளுக்கென்று ஒரு வேலைப் பட்டியல் கையில் இருக்கட்டும்: தொட்டிக் கலவை தயாரித்தல், நாற்றுத் தட்டுகளை நிரப்புதல், விதை சுத்தம் செய்தல், களைக்கொத்துக்குச் சாணை பிடித்தல், மக்கு உரக் குவியலைக் கிளறுதல். இவற்றில் எதுவும் இரண்டாந்தர வேலையல்ல. மண்ணின் பதம் பார்த்து “இன்று பாத்தி வேலை கிடையாது” என்று பயிற்றுநர் முடிவெடுப்பதை நேரில் பார்ப்பதே வந்தவர்களுக்குப் பெரிய பயிற்சி.

கருவி குறைவாகவும் ஆட்கள் அதிகமாகவும் இருப்பது

கருவிகளின் எண்ணிக்கையை முதலில் எண்ணுங்கள். எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதை அதற்கேற்ப முடிவு செய்யுங்கள்.

மக்காத தொழுவுரம்

பயிற்சியின் நடுவே இலையைப் பறித்து வாயில் போட்டுப் பார்க்கச் சொல்வது வழக்கம். சுவை அறியாமல் பருவக் காய்கறியை அறிய முடியாது என்பதால் அதை நானும் ஆதரிக்கிறேன். அதனாலேயே பச்சைச் சாணம் இட்ட பாத்தி எது என்பது பயிற்றுநருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். மக்காத சாணத்தில் மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் இருக்கக்கூடும். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளின்படி, மண்ணைத் தொடும் விளைபொருளுக்கு அறுவடைக்கு 120 நாளும், மற்றவற்றுக்கு 90 நாளும் முன்னதாகவே பச்சைச் சாணத்தை மண்ணில் கலந்திருக்க வேண்டும். நீள் குவியலாக மக்கவைப்பதாக இருந்தால் வெப்பம் 55 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிப்போட வேண்டும் என்கின்றன அதே விதிகள். எந்த நாட்டில் இருந்தாலும் இந்த அளவுகள் பின்பற்றத் தக்கவை.

வெளியிலிருந்து சாணமோ வைக்கோலோ வாங்குபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றையும் மக்கு உரக் குவியலையும் தாண்டி நீடிக்கக்கூடியவை. அந்த உரத்தைக் கலந்த மண்ணை ஒரு தொட்டியிலும், வெறும் மண்ணை இன்னொரு தொட்டியிலும் நிரப்பி இரண்டிலும் பீன்ஸ் விதையுங்கள். உரமிட்ட தொட்டியில் மட்டும் இலைகள் சுருண்டு முறுக்கிக்கொண்டு வந்தால் அந்தச் சுமையை இறக்கவே விடாதீர்கள். இரண்டு மூன்று வாரச் சோதனைதான். தக்காளிப் பாத்தி முழுவதையும் காப்பாற்றும்.

பனி உலராத பீன்ஸ் கொடியில் கைவைப்பது

வேண்டாம், ஈர இலையிலிருந்து நோய் கையோடு செடிக்குச் செடி தாவும்.

பூசணி, சுரை விதையைக் கண்டபடி எடுப்பது

விதை சேகரிப்புப் பயிற்சிக்கு எல்லாரும் முதலில் தேர்ந்தெடுப்பது பூசணிக் குடும்பம்தான். விதை பெரியது, எடுக்க எளியது. ஆனால் தேனீக்கள் ஒரே இனத்தின் வெவ்வேறு வகைகளுக்கிடையே மகரந்தத்தைக் கலந்துவிடும். அலங்காரச் சுரையோ காட்டு வகையோ அருகில் பூத்திருந்தால், இந்தப் பருவத்துக் காய் வழக்கம்போலவே இருக்கும். அதன் விதையிலிருந்து அடுத்த பருவத்தில் வரும் காயில் குகர்பிட்டசின் என்னும் கசப்பு நஞ்சு ஏறியிருக்கலாம். சமைத்தாலும் அது அழிவதில்லை. 2015இல் ஜெர்மனியில், தோட்டத்தில் விளைந்த கசப்பான சுக்கினியை (பூசணி வகைக் காய்) சாப்பிட்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார். கசக்கக் கூடாத காய் கசந்தால் உடனே துப்பச் சொல்லுங்கள், செடியையும் பிடுங்கிவிடுங்கள்.

விதை வேண்டுமென்றால் கைமகரந்தச் சேர்க்கையைக் கற்றுக்கொடுங்கள். மறுநாள் விரியப்போகும் பெண் மொட்டையும் ஆண் மொட்டையும் மாலையில் நூலால் கட்டிவைத்து, காலையில் அவிழ்த்து மகரந்தத்தைத் தடவி, பெண் பூவை மீண்டும் கட்டி, காம்பில் அடையாளம் இட வேண்டும். மாலை ஒரு வகுப்பு, காலை ஒரு வகுப்பு.

அறுவடையைக் கடைசிக்கு வைப்பது

கையில் காய்கறியோடு வீட்டுக்கு அனுப்பினால் நன்றாக இருக்குமென்று அறுவடையை நிகழ்ச்சியின் இறுதியில் வைக்கிறார்கள். அதற்குள் உச்சிவெயில் வந்துவிடுகிறது. வெயிலில் பறித்த கீரை தன்னுள் இருக்கும் வெப்பத்தோடே பைக்குள் போய், வீடு சேருமுன் துவண்டுவிடும். வெப்பம் கூடக்கூடப் பறித்த காய்கறி வேகமாகச் சுவாசித்து, இருப்பில் உள்ள சர்க்கரையைச் செலவழிக்கிறது. முதல் வேலையாக, வெயில் ஏறுமுன் பறித்து, நிழலில் ஈரத்துணி போர்த்தி வையுங்கள். பழுத்த தக்காளியைக் கீரையோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். அதிலிருந்து வரும் எத்திலீன் என்னும் வாயு கீரையை மஞ்சளாக்கும். தக்காளியை மிகவும் குளிர்விக்கவும் கூடாது. ஏறக்குறைய 12 பாகைக்குக் கீழே நெடுநேரம் வைத்தால் மணமும் சுவையும் போய்விடும்.

பறிக்கும்போது வெள்ளரிக் கொடிகளை இலைக்கு அடியில் தேடிப் பார்க்க இருவரைத் தனியாக நிறுத்துங்கள். கண்ணில் படாமல் ஒரு காய் முற்றிவிட்டாலும் கொடி தன் சத்தை விதைக்குத் திருப்பி, புதிய பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்ளும். சாப்பிட உதவாத அளவுக்கு முற்றிய காயையும் அன்றே அறுத்து மக்கு உரக் குவியலில் போட்டுவிட வேண்டும்.