பிரிட்ஜ் துளை தள்ளிப்போன கிட்டார்: மரத்தாலேயே அடைப்பது எப்படி?

பெட்டியில் உதிரிகளாக வந்து நாமே பூட்டும் எலெக்ட்ரிக் கிட்டார் கிட்டுகளில், பிரிட்ஜை (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் தகடு) மாட்டும் ஸ்க்ரூ துளையைப் பெரும்பாலும் தயாரிப்பாளரே போட்டு அனுப்பிவிடுவார். அதை நம்பி ஸ்க்ரூவை முடுக்கிவிடாதீர்கள். எனக்கு வந்த பாடியில் (கிட்டாரின் உடல் மரம்) துளைகள் நெக் (கழுத்து) பக்கமாக 4 மி.மீ. தள்ளியிருந்தன. அப்படியே மாட்டினால் 12ஆம் ஃப்ரெட்டில் (நெக்கில் பதித்த குறுக்குக் கம்பி) சுருதி ஏறி நிற்கும். சேடிலை (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியும் உட்காரும் நகரும் துண்டு) பின்னால் இழுத்து இழுத்துப் பார்த்தாலும் போதாது.

முதலில் அளவு. நெக்கை மாட்டி, நட்டின் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளப் பட்டை) முன்விளிம்பிலிருந்து 12ஆம் ஃப்ரெட்டின் நடுவரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். 324 மி.மீ. வந்தால் நட்டிலிருந்து சேடில்வரை முழு நீளம் 648 மி.மீ. சன்னக் கம்பியின் சேடிலை ஏறக்குறைய முழுசாக முன்னால், அதாவது நெக் பக்கம், தள்ளி, அது 648இல் நிற்கும்படி பிரிட்ஜை வையுங்கள். தடிக் கம்பிகளின் சேடில் இன்னும் சில மி.மீ. பின்னால் போகவேண்டியிருக்கும். பக்கவாட்டுக்குத் தையல் நூல் போதும்: நட்டின் இரு ஓரப் பள்ளங்களிலிருந்து சேடில்வரை இழுத்துக் கட்டி, இரண்டும் நெக் விளிம்பிலிருந்து சம தூரத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அடைக்க எம்-சீல் வேண்டாம், பல்குச்சியும் வேண்டாம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய வீட்டுச் சாமான் விற்கும் கடைகளில் தேக்குத் துண்டு கேளுங்கள். ஆசாரியிடம் கொடுத்தால் உருண்டை முளையாகக் கடைந்து தருவார்.

முளையின் தடிமனில்தான் சூட்சுமம். 8 மி.மீ. முளை போட்டால், 4 மி.மீ. தள்ளி வரும் புதுத் துளை சரியாக முளையின் ஓரத்தில் விழும். ஒரு பக்கம் கெட்டித் தேக்கு, மறுபக்கம் பாடியின் பாஸ்வுட் மாதிரி மெத்து மரம். டிரில் பிட் மெத்துப் பக்கமே ஓடும், எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும். 12 மி.மீ. முளை என்றால் புதுத் துளை முழுசாகத் தேக்குக்குள் அடங்கிவிடும். பிரிட்ஜ் பின்னால் நகர்வதால் அடைத்த இடம் தகட்டுக்கு அடியிலேயே மறையும்.

பழைய துளையை 12 மி.மீ. பிட்டால் 25 மி.மீ. ஆழம் அகலப்படுத்துங்கள். ஆழம் தெரிய பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு. தின்னரால் துடைக்காவிட்டால் பெவிகால் சரியாகப் பிடிக்காது. முளையின் நீளவாட்டில் ரம்பத்தால் ஒரு கீறல் போட்டால்தான் உள்ளே மாட்டிய காற்றும் பசையும் வெளியேறும். ஒரு முழு நாள் காயட்டும். அப்புறம் உளியால் சீவி உப்புத்தாள் போடுங்கள்.

துளையிடும் இடத்தில் முதலில் ஊசி முனையால் குத்திக்கொண்டு, 3.5 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. பிட் போடுங்கள். ஸ்க்ரூவில் மெழுகு தேய்த்துக் கையாலேயே முடுக்குங்கள். டிரில் மெஷினில் முடுக்கினால் தலை முறியும். பிரிட்ஜுக்கு அடியில் எட்டிப்பார்க்கும் எர்த் ஒயர் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆம்ப் உறுமும்.

பின்சேர்க்கை: பாடிக்குள் கம்பி கோக்கும் மாடலுக்கும் இது ஆகுமா என்று கேட்டிருந்தார்கள். ஸ்க்ரூ துளைக்கு ஆகும். ஆனால் பிரிட்ஜ் நகர்ந்தால் கம்பித் துளைகளும் நகரவேண்டும், அது பெரிய வேலை. பின்விளிம்பிலேயே கம்பி கோக்கும் பிரிட்ஜ் ஒன்று வாங்கிவிடுங்கள்.