மணற்கல்லை விசாரிப்பது எப்படி? எங்கிருந்து வந்தது, எங்கே படிந்தது?

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். மணல் எந்தப் பாறை உடைந்து வந்தது என்பதைத் தாதுக்கள் சொல்லும். ஆற்றில் படிந்ததா, கடலில் படிந்ததா என்பதை அடுக்கின் அமைப்பும் தொல்லுயிர் எச்சங்களும் சொல்லும். ஒன்றின் விடையை மற்றதற்கு எழுதிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் பிழை.

கையில் வேண்டியவை: 10 மடங்கு கைலென்ஸ், சுத்தியல், சாய்வுமானியுள்ள திசைகாட்டி, சொட்டுப்புட்டியில் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம், நோட்டு.

படி 1: உதிர்ந்து கிடக்கும் கல்லை எடுக்காதீர்கள், அதற்கு மேல், கீழ் தெரியாது. பாறைமுகத்தில் அடுக்குகளைக் கீழிருந்து மேலாக வரையுங்கள். அடியில் அரித்த தடம், அதன்மேல் கூழாங்கல், மேலே போகப்போக நுண்மணல் என்றால் ஆற்றுக் கால்வாயைச் சந்தேகிக்கலாம். இருபுறமும் சமச்சீரான சிற்றலைத் தடங்கள் அலையின் வேலை. குறுக்கு அடுக்குகள் (ஓர் அடுக்குக்குள்ளேயே சாய்வாகப் படிந்த மெல்லிய அடுக்குகள்) மீன்முள் போல எதிரெதிராகச் சாய்ந்தால் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம்.

படி 2: குறுக்கு அடுக்குகள் சாயும் திசையை 25 இடங்களிலாவது அளந்தால் பழைய நீரோட்டத்தின் திசை கிடைக்கும். சாதாரண சராசரி எடுக்கக் கூடாது. 350°, 10° இரண்டையும் கூட்டி வகுத்தால் 180° வரும். வடக்கே ஓடிய ஆறு தெற்கே திரும்பிவிடும்! சைன், கொசைன் கூட்டுத்தொகைகளிலிருந்து கோணத்தைக் கணக்கிடுங்கள். பாறையடுக்கே சாய்ந்திருந்தால் அந்தச் சாய்வை முதலில் கழிக்க வேண்டும்.

படி 3: எச்சங்கள். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கடலூர் மணற்கல்லுக்குள் கல்மரங்கள் (கல்லாக மாறிய மரங்கள்) கிடக்கின்றன. வேரில்லை, கிளையில்லை, வெள்ளம் அடித்து வந்த மரங்கள். (பாதுகாக்கப்பட்ட இடம், சுத்தியலை வெளியே எடுக்காதீர்கள்.) அப்படியானால் கல்மரம் என்றாலே ஆறா? பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கடலடிப் படிவில் புதைந்திருக்கிறது. கரையோர மரத்தை ஆறு கடலுக்குள் தள்ளியிருக்கிறது. ஆகவே கூட இருப்பதைப் பாருங்கள்: அம்மோனைட் (அழிந்துபோன, சுருள் ஓடுள்ள கடல் உயிரி) இருந்தால் கடல்தான். சிப்பிகள் மூடிய நிலையில் முழுசாக இருந்தால் அங்கேயே வாழ்ந்தவை என்று கொள்ளலாம். நொறுங்கி ஒரே அளவில் குவிந்திருந்தால் அலையோ நீரோட்டமோ கூட்டிவந்தது.

அமிலம் விட்டு நுரைத்தால் துகள்களை ஒட்டியிருப்பது சுண்ணாம்புப் பிணைப்பு, அவ்வளவே. நிலத்தடி நீரும் அதைத் தரும், கடலுக்குச் சாட்சியாகாது.

படி 4: 0.03 மி.மீ. தடிமனுள்ள பாறைச் சீவலில் நுண்ணோக்கி வழியே 300 புள்ளிகளாவது எண்ணி குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற தாதுக்கள், பாறைத்துணுக்கு ஆகியவற்றின் விகிதத்தை முக்கோண வரைபடத்தில் குறியுங்கள். சிதையாத ஃபெல்ட்ஸ்பார் நிறைய இருந்தால் கிரானைட், நைஸ் போன்ற மூலப்பாறை பக்கத்திலேயே இருந்திருக்கலாம். குறைவாக இருந்தால் அவசரப்படாதீர்கள்: வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்ணில் ஃபெல்ட்ஸ்பார் களிமண்ணாகிவிடும், குவார்ட்ஸ் மட்டும் மிஞ்சும். துகள்களுக்கிடையே வெள்ளைக் களிமண் திட்டுகள் தெரிந்தால் அவற்றைத் தனியாக எண்ணி எழுதுங்கள்.

படி 5: மணலில் 63–125 மைக்ரான் அளவுள்ள துகள்களைச் சலித்து, அடர்த்தி 2.89 உள்ள புரோமோஃபார்ம் திரவத்தில் கன தாதுக்களை (அதைவிட அடர்த்தி மிகுந்து மூழ்குபவை) பிரித்தெடுங்கள். நச்சுத் திரவம்; புகைபோக்கி அறை இல்லாமல் தொடவே கூடாது. கார்னெட், சில்லிமனைட் உருமாறிய பாறையைக் காட்டும். உருண்டு தேய்ந்த சிர்கான், டூர்மலின், ரூட்டைல் மட்டுமே மிஞ்சியிருந்தால், அந்த மணல் இன்னொரு பழைய மணற்கல் உடைந்து இரண்டாம் முறை பயணப்பட்டதாகவும் இருக்கலாம்.