பங்க் கான்செப்ட் ஆல்பத்துக்கு ஒரு கலகக்கார மறுமுகம்: செயின்ட் ஜிம்மியிடம் கற்க வேண்டியவை

பாடல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே கதை சொல்லும் பங்க் (வேகமான, முரட்டு ராக் இசை) ஆல்பம் எழுத உட்காருபவர்கள் நாயகனை எப்படியோ எழுதிவிடுகிறார்கள். சறுக்குவது அவனுடைய மறுமுகத்தில்தான். இதற்கு கிரீன் டே என்ற அமெரிக்க பங்க் இசைக்குழு 2004இல் வெளியிட்ட ‘அமெரிக்கன் இடியட்’டை விடச் சிறந்த பாடம் கிடையாது. புறநகர் வாழ்க்கை வெறுத்துப்போய் வீட்டைவிட்டுக் கிளம்பும் ‘ஜீசஸ் ஆஃப் சபர்பியா’ அதன் நாயகன். அவனுக்குள்ளிருந்தே முளைக்கும் கலகக்காரன் செயின்ட் ஜிம்மி. முதலில் வரிசை மாற்றாமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள்.

1. குறையிலிருந்து தொடங்குங்கள். நாயகனுக்குத் துணிச்சல் வராத மூன்று காரியங்களை எழுதுங்கள். மூன்றையும் கூசாமல் செய்பவன்தான் மறுமுகம். தோல் ஜாக்கெட்டிலிருந்து தொடங்கினால் எந்தக் கதைக்கும் பொருந்தும் ரவுடிதான் மிஞ்சுவான்.

2. அவசரப்பட்டு உள்ளே விடாதீர்கள். 13 பாடல்களில் ஜிம்மியின் பாட்டு 6ஆவது. முதல் பாட்டிலேயே வந்தால் அவனையே நாயகன் என்று நினைத்துவிடுவார்கள்.

3. ஒலியால் பிரித்துக் காட்டுங்கள். எனக்குப் பிடித்த இடமே இதுதான். இந்த ஆல்பம் 2010இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்குப் போனபோது ஜிம்மிக்குத் தனி நடிகர் இருந்தார். ஆல்பத்திலோ நாயகன், ஜிம்மி இருவருக்கும் குழுவின் பாடகர் பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங்கின் ஒரே குரல்தான். ‘ஆர் வி த வெயிட்டிங்’ நிதானமாக விரிந்து முடிய, மூச்சுவிட இடமில்லாமல் ‘செயின்ட் ஜிம்மி’ பாய்ந்து, மூன்று நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வேகமாற்றம்தான் அவன் முகம்.

உங்கள் மெதுவான பாட்டு 80 பிபிஎம் (நிமிடத்துக்கு 80 தாளத்தட்டு) என்றால், அவன் பாட்டை 180க்கு மேல் வையுங்கள். கிதாரில் பவர் கார்டு (இரண்டே ஸ்வரங்கள் சேர்ந்த கார்டு) மட்டும் போதும். கிதார் ஒலியைக் கரகரப்பாக்கும் கெயின் குமிழை முழுதாகத் திருப்பாதீர்கள். வேகத்தில் கார்டுகள் கலந்து இரைச்சலாகிவிடும். பாதியில் வைத்து, அதே பகுதியை இரண்டு முறை வாசித்துப் பதிந்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளினால் கனம் வரும். தந்திகளைக் கீழ்நோக்கியே அடிக்கும் டௌன்ஸ்ட்ரோக்கில் கை பின்தங்கினால் 10 பிபிஎம் குறைத்துக்கொள்ளுங்கள். தடுமாறும் வேகத்தைவிட இறுக்கமான வாசிப்புதான் மிரட்டும்.

மெதுவான பாட்டையும் அவன் பாட்டையும் ரெக்கார்டிங் மென்பொருளில் ஒரே ப்ராஜெக்டில் ஒட்டிப் பார்த்துவிட்டு, சுருக்கப்படாத வேவ் கோப்பாக வெட்டுங்கள். எம்பி3 ஆக்கும்போது கோப்பின் முனைகளில் சிறு மௌனம் சேரும்; சில பிளேயர்களில் அந்தப் பாய்ச்சல் திக்கித் திக்கி வரும்.

4. வரிகளில் அவன் ‘நான்’ என்றே பேசட்டும். தன்னைத் தானே அறிமுகம் செய்து பீற்றிக்கொள்ளட்டும். சந்தேகம், கேள்வி, மன்னிப்பு எல்லாம் நாயகனுக்கு மட்டும்.

5. அவனைக் கொல்லுங்கள், ஆனால் கடைசிப் பாட்டில் வேண்டாம். ‘லெட்டர்பாம்’ பாட்டில் வாட்சர்நேம் என்ற பெண் நாயகனை விட்டுப் போகிறாள். 12ஆவதான ‘ஹோம்கமிங்’ ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஓடும் ஐந்து பகுதிப் பாட்டு. அதன் முதல் பகுதியிலேயே ஜிம்மி செத்துவிடுகிறான். மீதிப் பகுதிகளும் 13ஆவது பாட்டும் அவனில்லாத வெறுமைக்கு. உங்கள் ஆல்பம் எட்டே பாட்டு என்றாலும், சாவுக்குப் பிறகு ஒரு முழுப் பாட்டையாவது நாயகனுக்கு ஒதுக்குங்கள்.