தருமபுரி, கிருஷ்ணகிரி போகிறவர்களுக்கு: உண்ணிப் பயமும் ஊர் சுற்றலும்

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலோ கனடாவின் ஒன்டாரியோவிலோ பிள்ளை வளர்ப்பவர்களுக்கு உண்ணி என்றாலே லைம் நோய்தான். கோடையில் பூங்காவுக்குப் போய்வந்தால் முழங்கால் மடிப்பு, காது மடல், தலைமுடி எல்லாம் தடவிப் பார்ப்பது அங்கே பல் தேய்ப்பது மாதிரி ஒரு பழக்கம். அதே ஆட்கள் பெங்களூரில் இறங்கி, ஓசூர் தாண்டி, தாத்தாவின் கொட்டாய்க்கு வந்து சேர்ந்ததும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். சிலர் பிள்ளையைக் கயிற்றுக் கட்டிலை விட்டு இறக்கவே மாட்டார்கள். சிலர் "நானெல்லாம் இந்த மண்ணில் உருண்டு புரண்டு வளர்ந்தவன்" என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவார்கள். என்னைக் கேட்டால், முதல் வகையினர் பயப்படுவது இங்கே இல்லாத பூச்சிக்கு. இரண்டாம் வகையினர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு காய்ச்சலைத் தெரியாமலே விமானம் ஏறிவிடுகிறார்கள்.

லைம் நோய்க்கு அந்தப் பெயர் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்ற ஊரால் வந்தது. 1970களின் நடுவில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்கியதை ஆராயப் போய்த்தான் நோயே தெரியவந்தது. அதைப் பரப்பும் கருங்கால் உண்ணி அங்கத்திய ஈரக் காடுகளில் வாழ்வது. கிருஷ்ணகிரியின் முட்காட்டிலும் ராகிக் கொல்லையிலும் அது கிடையாது. எனவே உண்ணி கடித்த உடனே ஒரு வேளை டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை போட்டுக்கொள்ளும் அமெரிக்கப் பழக்கத்தையும் இங்கே தூக்கி வர வேண்டாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்களில் உண்ணிக் காய்ச்சல் என்று வரும். கடிப்பது நாம் நாயின் காதில் பார்க்கிற உண்ணி இல்லை; அதன் தூரத்துச் சொந்தமான ஒரு சிறு பூச்சியின் குஞ்சு. அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது, கடிக்கும்போது வலிக்காது, இரண்டு மூன்று நாள் ஒட்டியிருந்துவிட்டுத் தானே விழுந்துவிடும். நோய்க்கிருமி தாய்ப் பூச்சியிடமிருந்து முட்டை வழியாகவே குஞ்சுக்கு வருகிறது. எலி நடமாடுகிற இடத்தில் இந்தப் பூச்சியும் பெருகும்.

மழை ஓய்ந்து குளிர் தொடங்கும் மாதங்களில்தான் தமிழ்நாட்டில் இந்தக் காய்ச்சல் அதிகம். கிறிஸ்துமஸ் விடுமுறையையும் பொங்கலையும் சேர்த்து நீங்கள் டிக்கெட் போடுவதும் அதே மாதங்களில்தான். அதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. எருது விடும் விழாவும் பனியில் நனைந்த காலையும் சூடான களியும் ஜூலையில் கிடைக்காது.

காடு என்றதும் எல்லாரும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை என்று நினைக்கிறார்கள். ஆனால் இந்தப் பூச்சிக்கு அடர்ந்த காடு தேவையில்லை. வீட்டுக்குப் பின்னால் உள்ள புதர், வரப்புப் புல், விறகுக் குவியல், மாட்டுக் கொட்டகை ஓரம், பயிர் முடிந்து புல் மண்டிக் கிடக்கிற கொல்லை, இவையெல்லாம் அதற்குப் போதும். ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் பிள்ளையைவிட, பாட்டி வீட்டுப் பின்புறத்தில் கண்ணாமூச்சி ஆடி விறகு அடுக்கின் பின்னால் ஒளிகிற பிள்ளைக்குத்தான் கடி வாங்க வாய்ப்பு. ஆடட்டும். உடுப்பும் உட்காரும் இடமும் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

புல்லிலோ வெறும் மண்ணிலோ உட்காராமல் பாய், ஜமுக்காளம், கட்டில் எதையாவது போட்டு உட்காருங்கள். மாந்தோப்பில் மதியத் தூக்கம் போடுகிறவர்களுக்கும் இதுதான். முழுக்கை, முழுநீளக் கால்சட்டை, மூடிய காலணி, காலுறை. கால்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் சித்தப்பா பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். துணி காயப் போடும் விஷயத்தைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை: கொட்டாயில் துணியை வேலி மேலும் செடி மேலும் புல் மேலும் விரித்துப் போடுவார்கள். உங்கள் துணியைக் கொடியில் போடச் சொல்லுங்கள். கொல்லையில் சுற்றிய உடுப்பை அன்றே கழற்றிச் சுடுதண்ணீரில் ஊறப் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட வேண்டும். அமெரிக்காவில் உலர்த்தி இயந்திரத்தில் போட்டு உண்ணியைக் கொல்கிற வசதி இங்கே இருக்காது. நல்ல வெயிலும் இஸ்திரிப் பெட்டியும் இருக்கின்றன.

பூச்சி விரட்டியில் டீட் 20 முதல் 30 சதவீதம் உள்ளதை அங்கிருந்தே வாங்கி வாருங்கள். பிகாரிடின் 20 சதவீதமும் நல்லது. வெயில் களிம்பு போடுவதாக இருந்தால் முதலில் அதைப் பூசி, அப்புறம் விரட்டி. குழந்தையின் உள்ளங்கையிலும் கண், வாய் ஓரத்திலும் பூச வேண்டாம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எதுவும் பூசக் கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த உடுப்பு இன்னும் பலமான காவல். அதைக் குப்பியாகத் தூக்கி வந்து விமான நிலையத்தில் வாதாடுவதைவிட, புறப்படும் முன்பே இரண்டு செட் உடுப்பில் தெளித்து, நன்றாகக் காயவிட்டுப் பெட்டியில் வைத்துவிடலாம். பல சலவை வரை நிற்கும். தோலில் படும்படி அடிக்கக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும் வரை அது கிட்ட வரக் கூடாது.

கண்ணுக்குத் தெரிகிற உண்ணியும் இங்கே நிறைய உண்டு, மாட்டிலும் ஆட்டிலும் நாயிலும். நாய் உண்ணி வழியாகப் புள்ளிக் காய்ச்சல் ஒன்று வரும். காய்ச்சலோடு உள்ளங்கை, உள்ளங்காலிலும் சிவப்புப் புள்ளி தெரிந்தால் அதை டாக்டரிடம் காட்டுங்கள். உண்ணி ஒட்டியிருப்பதைக் கண்டால் உடனே நாலு பேர் நாலு வைத்தியம் சொல்வார்கள். மண்ணெண்ணெய் ஊற்று என்பார் பெரியப்பா, பீடி நெருப்பை வை என்பார் பக்கத்துக் கொட்டாய்க்காரர், அத்தை சுண்ணாம்பு டப்பாவோடு வந்து நிற்பார். எல்லாருக்கும் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, கூர்முனை இடுக்கியால் உண்ணியைத் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நசுக்காமல் நேராக மேலே இழுங்கள். பிறகு சோப்பும் தண்ணீரும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால் போதும். இடுக்கியை மருந்துப் பையில் எடுத்து வாருங்கள், கிராமத்தில் அந்த நேரத்தில் தேடினால் கிடைக்காது.

இணையத்தில் தேடினால் கியாசனூர் காட்டு நோய் என்று ஒன்று வந்து பயமுறுத்தும். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. உண்மையில் உண்ணி பரப்பும் வைரஸ் நோய்தான், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளைச் சார்ந்தது. ஊரிலிருந்து மலநாடு, வயநாடு என்று சுற்றுலா நீட்டுகிறவர்கள் உள்ளூர் சுகாதாரத் துறை அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு போங்கள். குரங்கு செத்துக் கிடக்கிற இடத்தை நெருங்க வேண்டாம்.

சரி, வெளியே போவது பற்றி. இந்த இரண்டு மாவட்டத்திலும் உண்ணியைவிடப் பெரிய ஆபத்துகள் மூன்று: தண்ணீர், யானை, நாய். ஒகேனக்கல்லில் பாறை வழுக்கும், சுழல் வெளியே தெரியாது. உயிர்காப்பு உடுப்பு இல்லாமல் பரிசலில் ஏறாதீர்கள். அனுமதிக்காத இடத்தில் குளிக்கவும் வேண்டாம். ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரி நீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடினால் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடுவார்கள், அன்றைக்குப் பரிசல்காரரிடம் பணத்தைக் காட்டிக் கெஞ்சுகிற வேலை வேண்டாம். எண்ணெய் தேய்த்துக் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பினாலே அந்தப் பயணம் நிறைந்துவிடும்.

யானைகள் குளிர் மாதங்களில் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கக் காடுகளுக்கு வரும். ராகி விளைந்திருக்கும் நேரம் அது. அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் சாலை அழகானதுதான், ஆனால் பகலிலேயே கடந்துவிடுங்கள். வண்டியை நிறுத்திப் படம் எடுக்க இறங்காதீர்கள். இரவில் கொல்லைக் காவலுக்குப் போகிற மாமாவோடு "ஒரு அனுபவத்துக்காக" பிள்ளைகளை அனுப்புவதும் வேண்டாம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நடக்க முடியாது. கால் நீட்டி நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு வத்தல்மலை, தீர்த்தமலை, கிருஷ்ணகிரி அணைப் பூங்கா, ராயக்கோட்டைக் கோட்டை என்று நிறைய இருக்கிறது. நடைபாதையின் நடுவில் நடங்கள், ஓரப் புதரை உரசாதீர்கள். அதுவே உண்ணிக்கும் பாம்புக்கும் சேர்த்துப் பாதி பாதுகாப்பு.

தெருநாய்க் குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகிற வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், காரணம் உண்ணி இல்லை, வெறிநோய். கடித்தாலோ நகத்தால் கீறினாலோ பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். நீண்ட நாள் தங்குகிறவர்கள் பிள்ளைகளுக்குப் புறப்படும் முன்பே முன்தடுப்பு ஊசி போடுவது பற்றி அங்குள்ள மருத்துவரைக் கேட்கலாம்.

இனி காய்ச்சல். ஸ்க்ரப் டைபஸ், பூச்சி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள், பெரும்பாலும் பத்து நாளில் காட்டும். கடும் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சிலருக்கு வாந்தி, இருமல். டெங்கு, டைபாய்டு போலவே இருக்கும். அடையாளம் ஒன்று உண்டு: பூச்சி கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கருத்த பொருக்கு. வலிக்காது, அரிக்காது, அதனாலேயே கண்ணில் படாது. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் நாடா இறுக்கும் இடம், மார்பின் அடிப்பகுதி, காதுக்குப் பின்னால், இப்படி யாரும் பார்க்காத இடத்தில் இருக்கும். வயசான மாமியார் புடவையை விலக்கி டாக்டரிடம் காட்டக் கூச்சப்படுவார். வீட்டுப் பெண்கள் யாராவது முன்பே பார்த்து வைத்துக்கொண்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் பொருக்கு வருவதில்லை என்பதால், இல்லை என்றால் நோய் இல்லை என்று முடிவு கட்டவும் கூடாது.

மருந்து டாக்சிசைக்ளின், மலிவான மாத்திரை, கர்ப்பிணிகளுக்கு அஸித்ரோமைசின். சரியான மருந்து போனால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகும். முற்றிய நிலையில் இரண்டு மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2023இல் காட்டியது. பென்சிலின் வகை ஊசியும் செஃப்ட்ரியாக்ஸோன் ஊசியும் இந்தக் கிருமியை ஒன்றும் செய்யாது. தெருமுனைக் கிளினிக்கில் "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று இரண்டு மூன்று நாள் ஓட்டுவது இதனால்தான் ஆபத்து. காய்ச்சல் மூன்று நாள் தாண்டினால் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, ஓசூரில் ஒரு நல்ல மருத்துவமனைக்கோ போய், "ஸ்க்ரப் டைபஸ் பார்த்துவிட்டீர்களா?" என்று நீங்களே கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ பேச்சு குழறினாலோ மூன்று நாள் கணக்கெல்லாம் இல்லை, 108. டெங்கு இல்லை என்று தெரியும் வரை வெறும் பாராசிட்டமால் மட்டும். ஆஸ்பிரினும் ஐபூபுரூஃபெனும் கூடாது.

பலருக்கு இந்தக் காய்ச்சல் ஊரில் இருக்கும்போது வருவதில்லை, திரும்பிப் போன பிறகு வருகிறது. எடிசனிலோ ஸ்கார்பரோவிலோ அவசரப் பிரிவு டாக்டர் மலேரியா பார்ப்பார், ஃப்ளூ பார்ப்பார், உண்ணி என்று நீங்கள் சொன்னால் லைம் பார்ப்பார். எல்லாம் இல்லை என்று வரும். அவருடைய பயிற்சிக் காலத்தில் ஒரு ஸ்க்ரப் டைபஸ் நோயாளியைக்கூட அவர் பார்த்திருக்கமாட்டார், அது அவர் குற்றமில்லை. "தென்னிந்திய கிராமத்தில் இருந்தேன், இன்ன தேதியில் கிளம்பினேன், வயலிலும் புதரிலும் சுற்றினேன், அங்கே ஸ்க்ரப் டைபஸ் உண்டு" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பொருக்கு இருந்தால் காட்டுங்கள். தொற்றுநோய் நிபுணரைக் கேட்கச் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வர அங்கே நாளாகலாம். முடிவுக்காகக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குவதுதான் வழக்கம் என்பதையும் நினைவூட்டலாம். நோயின் பெயரை ஆங்கில எழுத்தில் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது டிகிரி காய்ச்சலில் எழுத்துக்கூட்டிச் சொல்ல வராது.