குடல் கட்டி ஆபரேஷன்: லேப்ராஸ்கோப்பி என்றதும் செய்யும் தவறுகள்

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் அறுவைதான் லேப்ராஸ்கோப்பி. முடிந்தபின் வயிற்றில் நான்கைந்து சிறு தழும்புகள். வெட்டிய குடலை வெளியே எடுக்க ஐந்தாறு செ.மீ. நீளத்தில் ஒரு கீறல். இதைப் பார்த்துவிட்டு ‘சின்ன ஆபரேஷன்தானே’ என்று வீட்டில் எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் உள்ளே நடந்தது, வயிற்றை நீளமாகக் கீறிச் செய்யும் திறந்த அறுவையில் நடப்பதேதான். குடலின் ஒரு பகுதியையும் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டு, இரண்டு முனைகளை இணைத்திருக்கிறார்கள்.

அந்த இணைப்பு கசிந்தால், பெரும்பாலும் முதல் பத்து நாட்களுக்குள் தெரியும். லேப்ராஸ்கோப்பி செய்தவர் அதற்குள் வீட்டுக்கு வந்திருப்பார் என்பதுதான் கவலை. முதல் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலித்தால் பயம் வேண்டாம். வயிற்றை உப்ப வைக்கச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. குறைந்துவந்த வயிற்றுவலி மறுபடி ஏறினாலோ, காய்ச்சல், படபடப்பு, வயிறு உப்பல், வாந்தி வந்தாலோ ‘வாயு’ என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள்.

தண்ணீர் கேனைத் தூக்குவது அடுத்த தவறு. நிரம்பிய கேன் 20 கிலோ. வெளித்தோல் பத்து நாளில் ஆறினாலும் அடியிலுள்ள தசையுறை ஆற ஆறு வாரமாவது வேண்டும். அவசரப்பட்டால் கீறல் வழியே குடலிறக்கம் (ஹெர்னியா) வரலாம். நடக்க ஆரம்பித்துவிட்டோம் என்று, ரத்தம் உறையாமலிருக்க எழுதித் தந்த ஊசியையும் பாதியில் விடக் கூடாது. புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பின் நான்கு வாரம் வரை அது தேவைப்படலாம்.

லேப்ராஸ்கோப்பிதான் வேண்டுமென்று கடன் வாங்குவதும், அதற்காக வாரக்கணக்கில் காத்திருப்பதும் வேண்டாத வேலை. அமெரிக்காவில் பெருங்குடல் புற்றுநோயாளிகள் 449 பேரின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட்ட ஆய்வு 2002-ல் வெளியானது. லேப்ராஸ்கோப்பி செய்தவர்கள் சராசரியாக 5.6 நாளிலும், திறந்த அறுவை செய்தவர்கள் 6.4 நாளிலும் வீடு திரும்பினார்கள். வலி மருந்தும் சற்றுக் குறைந்த நாட்களே தேவைப்பட்டது. இரண்டு மாதம் கழித்துக் கேட்டபோது பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

பின்னாளில் மலம் கழிப்பது எப்படி இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கட்டி இருந்த இடம். ஆசனவாய்க்கு அருகே மலக்குடலை இணைத்திருந்தால், எந்த முறையில் செய்திருந்தாலும் அடிக்கடி, அவசரமாக, கொஞ்சம் கொஞ்சமாக மலம் போகும். அதற்குப் பயந்து பட்டினி கிடந்தால் உடம்புதான் இளைக்கும். வேளைக்குக் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன் லோபெரமைடு (மலப்போக்கைக் குறைக்கும் மருந்து) போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆசனவாய்த் தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். முதல் ஓராண்டில் பலருக்கு இது படிப்படியாகக் குறையும். கூச்சப்பட்டுச் சொல்லாமல் இருப்பவர்களுக்கு இந்த உதவி எதுவும் கிடைக்காமலே போய்விடுகிறது.